குச்சி நட்டாலே வருமே, எதுக்கு பாட்டில்?

லேபில், பாட்டிலுக்குள், திராட்சைச் செடி வளர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் வாயைப் பிளப்பதில்லை. திசு வாழை வந்து எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. குடியாத்தம் பக்கம் ஜி-நைன் ரக வாழைக்கன்று வாங்கி நட்டவர்களைக் கேட்டால் லேபைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பார்கள். அவர்கள் கேட்பது வேறு கேள்வி. பெரியநைனா, அதாவது என் பெரியப்பா, கேட்டபடியே எழுதுகிறேன்: "இன்னாமா நீ, திராட்சைக் குச்சிய வெட்டி மண்ணுல சொருவுனா தானா துளிர் வுடுது. அதுக்கு இன்னாத்துக்கு பாட்டிலு, ஏசி, லைட்டு?"

நியாயமான கேள்விதான். வாழைக்கு லேப் தேவைப்பட்டது எண்ணிக்கைக்காக. ஒரு தாய்மரம் தரும் பக்கக்கன்று கொஞ்சம். அதிலும் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு உயரம் இருக்கும். ஒரே நாளில் நட்டு ஒரே சமயத்தில் தார் வெட்ட வேண்டுமென்றால் ஒரே அளவுக் கன்று வேண்டும், அதைத் திசு வளர்ப்பு தந்தது. திராட்சையில் அந்தத் தட்டுப்பாடே கிடையாது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஒவ்வொரு கவாத்துக்கும் பந்தலுக்கு அடியில் வெட்டின குச்சி குவிந்து கிடக்கும், அடுப்புக்குக் கூட யாரும் எடுப்பதில்லை. பென்சில் கனத்தில் முற்றின குச்சியாகப் பார்த்து, நாலு கணு விட்டு வெட்டி, கீழ்க்கணு இரண்டும் மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். பன்னீர் திராட்சை எந்த மருந்தும் கேட்காது, வேர் விட்டுவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையும் பெரும்பாலும் இப்படிக் குச்சியில் பெருகி வந்ததுதான்.

ஆக, குச்சி வரும். அந்தக் குச்சிக்குள் கூடவே எது வருகிறது என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பெரியநைனாவின் நிலம் ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கிறது. கிணற்றை ஒட்டிக் கொஞ்ச இடத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். வியாபாரத்துக்கு இல்லை, ஆசைக்கு. குச்சியை ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கினார். கொடி நன்றாகவே ஏறியது. பிறகு அடியிலிருந்த முற்றின இலைகள் நரம்புக்கு நடுவே சிவக்க ஆரம்பித்தன. நரம்பு மட்டும் பச்சை. இலை ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டது. காய் பிடித்தது, ஆனால் கறுக்கவே நாளானது, கறுத்ததிலும் இனிப்பு ஏறவில்லை. உரக்கடையில் மெக்னீசியம் குறைபாடு என்று சொல்லி ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தெளித்தும் மாறவில்லை. இலைக்காம்பை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம், ஆர்டி-பிசிஆர். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே முறை. இலைச்சுருள் வைரஸ் என்று வந்தது.

பூஞ்சாணத்துக்கு போர்டோ கலவை இருக்கிறது, பூச்சிக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் நிற்கும் கொடியின் வைரஸுக்கு மருந்தே கிடையாது. கொடி சாகாது, விளைச்சல் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். மாவுப்பூச்சி அதைப் பக்கத்துக் கொடிக்குக் கொண்டு போகும். ஆனால் ஊர் விட்டு ஊர் கொண்டு போவது நாம்தான், குச்சி வழியாக. நன்றாகக் காய்த்த கொடி என்று பக்கத்து ஊர்க்காரர் கேட்பார், கவாத்துக் குச்சியைக் கட்டாகக் கட்டிக் கொடுப்போம். வேர்ச்செடி, அதாவது ஒட்டுக் கட்ட அடியில் வேராக நிற்கும் செடி, அந்த ரகங்களில் இன்னும் மோசம். பல வேர்ச்செடிகள் வைரஸைச் சுமந்துகொண்டு எந்த அறிகுறியும் காட்டாமல் பச்சைப்பசேல் என்று நிற்கும். மேலே பழ ரகத்தை ஒட்டுக் கட்டின பிறகுதான் குட்டு வெளிப்படும்.

பாட்டில் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. செடியின் வளரும் நுனியில், இலைக்குருத்துகளுக்கெல்லாம் உள்ளே, ஒரு சின்ன மேடு இருக்கிறது. அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். சாறு ஓடும் குழாய்கள் அதுவரை இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. வைரஸ் பயணம் செய்வது முக்கியமாக அந்தக் குழாய்களில். அதனால் நோய் பிடித்த கொடியிலும் அந்த நுனி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். 1952இல் பிரான்ஸில் மோரெல், மார்ட்டின் இருவரும் டாலியாச் செடியின் நுனியை இப்படிக் கிள்ளி வளர்த்து வைரஸ் இல்லாத செடி எடுத்தார்கள். அதே மோரெல் 1944இலேயே திராட்சைத் திசுவை லேபில் வளர்த்து, அதன்மேல் அடிச்சாம்பல் நோய்ப் பூஞ்சாணத்தை வளர்த்துப் பார்த்தவர். உயிருள்ள செடித் திசுவில் தவிர வேறெங்கும் வளராத பூஞ்சாணம் அது. 1961இல் கால்சி என்ற பிரெஞ்சு ஆய்வாளர், லேபில் வளர்த்த திராட்சைக்கு வெப்பச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். இன்றும் நடப்பது அந்த வழிதான்: செடியை 38 டிகிரி வாக்கில் சில வாரம் வைத்து வைரஸின் பெருக்கத்தை அடக்கிவிட்டு, பிறகு நுனியைக் கிள்ளுவது. வேலூர்க்காரியிடம் வந்து 38 டிகிரியைச் சிகிச்சை என்றால் சிரிப்பு வராதா? சித்திரையில் எங்கள் மொட்டை மாடிக்கு அது விடிகாலைக் காற்று.

கிள்ளும் வேலையைச் சொல்ல வேண்டும். நாங்கள் எடுப்பது 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர், ரவைக் குருணையை விடச் சின்னது. லேமினார் என்ற சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பை வைத்து, ஊசியால் ஒவ்வொரு குருத்தாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் பளபளவென்று ஒரு குமிழ் தெரியும். அந்த நேரத்தில் மூச்சை இழுத்து விட்டால் கூட ஊசி ஆடும். சின்னதாக எடுக்க எடுக்கச் சுத்தம் அதிகம், பிழைப்பது குறைவு. பெரிதாக எடுத்தால் பிழைக்கும், வைரஸும் கூடவே வரும். இந்த இழுபறிக்குப் புத்தகத்தில் தீர்வு இல்லை. ரகத்துக்கு ரகம் கைதான் பழக வேண்டும். காலையில் காபி குடித்துவிட்டு வருகிறவர்களை எங்கள் மேடம் இந்த வேலைக்கு உட்கார விடுவதே இல்லை. கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் நான் காபியை மதியத்துக்குத் தள்ளிவிட்டேன்.

சுத்தமான ஒரு செடி கையில் வந்த பிறகு பெருக்குவதற்கு நுனி தேவையில்லை, கணு போதும். திராட்சை பிரண்டைக்குச் சொந்தம், இரண்டும் ஒரே குடும்பம். கணுவில் உயிரை வைத்திருக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு. பிரண்டைத் துவையலுக்கு நறுக்கி எறிந்த கணு வேலியோரம் முளைத்துக் கிடப்பதைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. திராட்சையின் ஒரு கண்ணுக்குள் ஒன்றுக்கு மூன்றாக மொட்டு இருக்கும். நடுமொட்டு கருகினால் பக்கத்து மொட்டு எழும்.

வெளியே நிற்கும் கொடியிலிருந்து கணு எடுத்தால் முதல் சண்டை பூஞ்சாணத்தோடு. ஓடும் தண்ணீரில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியில் ஊறவைத்து, அதற்குப் பிறகு லேமினாருக்குள் 70 சதவீத ஆல்கஹாலில் சில நொடி, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிஷ வாக்கில். மெர்க்குரிக் குளோரைடு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பாதரச விஷத்தை எந்தச் சாக்கடையில் ஊற்றுவது? ஏற்கெனவே பாலாற்றில் இருப்பது போதும்.

மழைக்காலத்தில் கணு எடுப்பது வீண்வேலை. 2021 நவம்பர் எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரே கேலி செய்யும் பாலாற்றில் கரை புரண்டு வெள்ளம் போனது. அந்த மாதம் பாட்டிலைத் திறக்காமலேயே வாசனையில் தெரிந்தது. கறுப்புப் பொடி, பச்சைப் பொடி, வெள்ளைப் பஞ்சு, வரிசையாக. பூஞ்சாணமாவது பரவாயில்லை, ஒரு வாரத்தில் முகத்தைக் காட்டிவிடும். கொடிக்கு உள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சில வாரம் அமைதியாக இருந்துவிட்டு, துளிர் அழகாக வந்த பிறகு வெட்டுவாயைச் சுற்றி மீடியாவில் பால் கலங்கினாற்போலக் காட்டும். அதைப் பார்க்கும்போது வரும் கோபத்துக்கு அளவே கிடையாது.

மீடியா என்பது செடிக்கான சாப்பாடு. முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் புகையிலைத் திசுவுக்காகக் கணக்குப் போட்ட கலவைதான் உலகம் முழுக்க ஓடுகிறது, எம்எஸ் என்போம். லிட்டருக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 1900 மில்லிகிராம், அமோனியம் நைட்ரேட் 1650, இன்னும் பல உப்புகள், சில வைட்டமின்கள், சர்க்கரை 30 கிராம். பிஎச் 5.8. பிறகு கிருமி சாக ஆட்டோகிளேவில், பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 121 டிகிரி. இதில் அமோனியம் நைட்ரேட் கல்குவாரியில் வெடி வைக்கிற சமாச்சாரம். 2012இல் அதற்கென்று தனி விதிகள் வந்த பிறகு ஒரு சின்ன டப்பா வாங்கவும் கடிதம், கையெழுத்து என்று அலைய வேண்டியிருக்கிறது. ரெடிமேட் எம்எஸ் பொடி வாங்கிக்கொள்வது நிம்மதி. திராட்சைக்கு முழுக் காரம் தேவையில்லை, பல ரகங்கள் பாதி எம்எஸ்ஸிலேயே நன்றாக நிற்கின்றன.

மீடியாவை உறைய வைக்க அகர். லிட்டருக்கு 7, 8 கிராம். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் ரம்ஜானுக்குப் பாலும் சர்க்கரையும் விட்டுக் கடல்பாசி செய்வார்களே, அந்தக் கடல்பாசிதான் அகர். எங்கள் லேபில் ஆம்பூரிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். முதல் நாள் மீடியா ஊற்றும்போது அவள் கேட்டது, "அக்கா, இதுல ரோஸ் எசன்ஸ் போடலையா?" மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்து பாசியிலிருந்துதான் இங்கே நல்ல அகர் வருகிறது. பாட்டிலைக் கழுவும்போது மிச்ச அகரைத் தூக்கிக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பெருக்கும் கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிஏபி என்ற ஹார்மோனை லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கொடுத்தால் பக்கத் துளிர் வெடிக்கும். ஆசைப்பட்டுக் கூட்டினால் இலை கண்ணாடி மாதிரி நீர் கோத்துக்கொள்ளும், அந்தச் செடி வெளியே போய்ப் பிழைக்காது. 25 டிகிரி, பதினாறு மணி நேர வெளிச்சம். கரண்ட் போனால் வயிற்றைக் கலக்கும். அவ்வளவுதான்.

வேர் விடுவதில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் நிறைய. பன்னீர் திராட்சை ஹார்மோன் இல்லாத மீடியாவிலும் வேர் விடும். டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி ரகம் அப்படி இல்லை, முரண்டு பிடிக்கும். ஐபிஏ என்ற வேர் ஹார்மோனைக் கொடுத்து, பாதி எம்எஸ்ஸில் வைத்து, காத்திருக்க வேண்டும். நிலத்தில் குச்சியாக நட்டாலும் இந்த ரகம் லேசில் வேர் விடாது என்பது திராட்சைக்காரர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அதை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? தண்ணீர்தான் காரணம். டாக்ரிட்ஜ் டெக்சாஸ் பக்கத்துக் காட்டுத் திராட்சை. உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் தாங்கும். மகாராஷ்டிரத்தில் தண்ணீர் உப்பேறின பகுதிகளில் இதை வேர்ச்செடியாக நட்டு, அதன்மேல் பழ ரகத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள்.

எங்கள் பக்கத்து உப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாசுபடுத்தியவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் வந்தது. கிணற்றில் இறங்கின உப்புக்குத் தீர்ப்பெல்லாம் தெரியாது. பெரியநைனா கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும். அந்தத் தண்ணீரில் பன்னீர் திராட்சை சொந்த வேரில் நின்றால் இலை ஓரம் கருகும். டாக்ரிட்ஜ் வேரில் நின்றால் தாக்குப்பிடிக்க வழியுண்டு. சுத்தமான டாக்ரிட்ஜ், அதன்மேல் சுத்தமான பன்னீர். நான் பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுவது இதற்காகத்தான்.

பாட்டிலுக்குள் ராஜகுமாரி மாதிரி வளரும் செடியை வேலூர்க் காற்றுக்குக் கொண்டு வருவதில்தான் பாதி லேப்கள் தோற்கின்றன. என் கணக்கில் இந்த வேலைக்குத் திறமை தேவைப்படும் இடம் லேமினார் இல்லை, செடியை வெளிக்காற்றுக்குப் பழக்கும் ஹார்டனிங் கொட்டகை. பாட்டிலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதில் வளர்ந்த இலைக்கு மேல்மெழுகு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளுக்கு மூடவே தெரியாது. வெளியே எடுத்த அரை மணியில் துவண்டு விழும். வேரிலும் வேர்த்தூவி சரியாக இருக்காது. அதனால் முதலில் வேரில் ஒட்டின அகரைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், விட்டால் அந்தச் சர்க்கரைக்குப் பூஞ்சாணம் வரும். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு போட்டு நட்டு, மேலே பாலித்தீன் கூடாரம் கட்டி, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விட வேண்டும். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பே கொன்றுவிடும். மாத வாக்கில் புது இலை வரும். அந்தப் புது இலைதான் வெளியுலகத்துக்கான இலை, பாட்டில் இலை உதிர்ந்தாலும் கவலையில்லை. பிறகு பாதி நிழல் வலைக்குக் கீழே, பையில்.

பங்குனி முதல் ஆனி வரை நான் ஒரு செடியையும் வெளியே எடுப்பதில்லை. எடுக்கச் சொன்னாலும் மாட்டேன் என்பேன். அந்த மாதங்கள் பாட்டிலுக்குள் பெருக்குவதற்கு. ஆடிக் கடைசியில் வேர் விட்ட செடி தயாராக இருக்கும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன். ஆவணி, புரட்டாசியில் எங்கள் பக்கம் பகலெல்லாம் புழுங்கிவிட்டு சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். அந்தக் காற்றில் இருக்கும் ஈரத்தை, பனி போல நீர் தூவும் எந்த மிஸ்ட் சேம்பரும் இலவசமாகத் தராது. பையில் தேறின டாக்ரிட்ஜ் செடி தையில் நிலத்துக்குப் போகும். அடுத்த ஆவணி வாக்கில் தண்டு ஒட்டுக் கட்டும் கனத்துக்கு வந்துவிடும்.

பாட்டிலில் வந்த பன்னீர்ச் செடியை அப்படியே பந்தலுக்கு ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்ச காலத்துக்கு அது விதையில் முளைத்த குழந்தைச் செடியின் குணத்தோடு இருக்கும். இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி வரும், பற்றுக்கம்பியே வராது. திராட்சையில் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே இடத்தில் பிறக்கிறவை, ஒன்று வராத கொடியில் மற்றதை எங்கே தேடுவது? அதனால் பாட்டில் செடியைத் தாய்ச்செடியாகத் தனி இடத்தில், மாவுப்பூச்சி அண்டாத வலைக்குள் வைத்து, அது முற்றின பிறகு அதிலிருந்து குச்சி வெட்டிக் கொடுப்பதுதான் முறை. இதைச் சொன்னதும் பெரியநைனா தொடையைத் தட்டிக்கொண்டு, "பாத்தியா, கடசில குச்சிக்கிதான வந்த!" என்றார். ஆமாம், குச்சிதான். நான் மறுக்கவில்லையே.

பழைய பந்தலை அவர் இன்னும் பிடுங்கவில்லை. பெரியம்மாவுக்கு அதன் நிழலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயணும். புதுச்செடியை அந்தப் பந்தலுக்குப் பக்கத்தில் நட விடமாட்டேன் என்று நானும், கிணற்றடியை விட்டால் வேறு இடமில்லை என்று அவரும் பேசிக்கொண்டே இருக்கிறோம். மாவுப்பூச்சி எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து முடியும்வரை காத்திருக்காது என்பதைப் பெரியம்மாவிடம்தான் பேச வேண்டும், பெரியநைனாவிடம் பேசிப் பயனில்லை.

என்னிடம் செடி கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: கிடைக்காது, இது விற்பனை லேப் இல்லை. வெளியே வாங்குகிறவர்கள் திசு வளர்ப்புச் செடி என்ற பெயரை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம். நுனி கிள்ளாமல் வெறும் கணுவில் பெருக்கின செடியும் திசு வளர்ப்புச் செடிதான், தாயிடம் வைரஸ் இருந்தால் அத்தனை பாட்டிலிலும் அதுவே இருக்கும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டு வந்த சான்றிதழ் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் அங்கீகாரம் உள்ள லேபா என்று கேளுங்கள். தாய்ச்செடிக்கு எந்தெந்த வைரஸுக்குப் பரிசோதனை நடந்தது என்று காகிதத்தில் கேளுங்கள். ஒரு பையைக் கவிழ்த்து வேரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்க விடவில்லை என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போங்கள்.